கடினமான இறைவார்த்தைகளில் கடவுளின் முகம்

கடவுள் அன்பே உருவானவர் என்று நாம் மறைக்கல்வி வகுப்பில் கற்றோம். நம் பிள்ளைகளுக்கும் அதையே கற்பிக்கிறோம். ஆனால் திருவிவிலியத்தைத் தொடக்க நூலிலிருந்து வரிசையாக வாசிக்கத் தொடங்கும் எவரும் சில பக்கங்களிலேயே தயங்கி நிற்க நேரிடுகிறது. உலகையே மூழ்கடிக்கும் வெள்ளம் (தொநூ 6-9), பெற்ற மகனைப் பலியிடச் சொல்லும் குரல் (தொநூ 22), எகிப்து நாட்டுத் தலைப்பிள்ளைகளின் சாவு (விப 12), எரிகோ நகரில் இளைஞர் முதியோர் என்று பாராமல் நடந்த அழிவு (யோசு 6:21), அமலேக்கியரின் பால்குடிக் குழந்தைகளையும் விட்டுவைக்க வேண்டாம் என்னும் கட்டளை (1 சாமு 15:3) என்று இப்பட்டியல் நீள்கிறது. இவரையா நாம் 'எங்கள் தந்தையே' என்று அழைக்கிறோம் என்ற கேள்வி உள்ளத்தில் எழுகிறது.

தளவாய்புரம், சேத்தூர், இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் என மேற்கு மலையடிவார ஊர்களில் வாழும் நமக்கும் இக்கேள்வி புதிதல்ல. பகல் முழுவதும் விசைத்தறியிலும் தையல் எந்திரத்திலும் உழைத்துவிட்டு இரவில் அன்பியக் கூட்டத்திற்கு வருகிறவர்கள், விவிலியப் பகிர்வில் இத்தகைய பகுதி வரும்போது அமைதியாகிவிடுகிறார்கள். கேட்டால் விசுவாசக் குறைவு என்று பிறர் நினைப்பார்களோ என்ற தயக்கமே காரணம். ஆனால் திருச்சபை இப்பகுதிகளை மறைத்து வைக்கவில்லை. ஆண்டின் மிகப் புனிதமான இரவாகிய பாஸ்கா திருவிழிப்பில் ஆபிரகாம் தம் மகனைப் பலியிடச் சென்ற நிகழ்ச்சி வாசிக்கப்படுகிறது. எகிப்தியர் செங்கடலில் மூழ்கிய பகுதியோ அவ்விரவில் ஒருபோதும் விட்டுவிடக்கூடாத வாசகமாகும். திருச்சபையே துணிந்து வாசிக்கும்போது, நாமும் துணிந்து கேட்கலாம்.

இது வெறும் அறிவுக்கான கேள்வியும் அல்ல. நாம் கடவுளை எப்படிப்பட்டவராக எண்ணுகிறோமோ, அப்படித்தான் பிள்ளைகளைத் திருத்துகிறோம், எதிரியை நடத்துகிறோம், துக்க வீட்டில் பேசுகிறோம்.

1. பழைய கேள்வி, பழைய தவறு

இக்கேள்வி கிறிஸ்தவத்தின் தொடக்கக் காலத்திலேயே எழுந்தது. கருங்கடல் கரையிலிருந்து உரோமைக்கு வந்த மார்சியோன் என்பவர், பழைய ஏற்பாட்டின் கடவுள் வேறு, இயேசு வெளிப்படுத்திய தந்தை வேறு என்று போதித்தார். முன்னவர் கண்டிப்பும் தண்டனையும் மட்டும் தெரிந்தவர், பின்னவர் அன்பு மட்டும் உடையவர் என்பது அவரது கருத்து. எனவே பழைய ஏற்பாடு முழுவதையும் ஒதுக்கினார். புதிய ஏற்பாட்டிலும் தாம் திருத்திய இலூக்கா நற்செய்தியையும் பவுலின் பத்துத் திருமுகங்களையும் மட்டுமே வைத்துக்கொண்டார். கி.பி. 144-இல் உரோமைத் திருச்சபை அவரை விலக்கியது. புனித இரனேயு அவரது போதனையை மறுத்தார். தெர்த்தூலியன் அவருக்கு எதிராக ஐந்து நூல்கள் எழுதினார்.

மார்சியோனின் வழி எளிதானது. பிடிக்காத பக்கங்களைக் கிழித்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும். ஆனால் இயேசு செபித்தது திருப்பாடல்களைக் கொண்டே. அவர் நாசரேத்தில் வாசித்தது எசாயாவின் ஏட்டுச்சுருளையே. சிலுவையில் கதறியதும் 22-ஆம் திருப்பாடலின் வார்த்தைகளையே. பழைய ஏற்பாட்டை எடுத்துவிட்டால் இயேசுவையே நாம் புரிந்துகொள்ள இயலாது. இன்றும் 'அது பழைய ஏற்பாடு, நமக்கு எதற்கு?' என்று சொல்லும்போது நாம் அறியாமலே மார்சியோனின் பக்கம் சாய்கிறோம். இப்போக்கைத் திருச்சபை என்றும் ஏற்றதில்லை என்று 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் (எண் 123) நினைவூட்டுகிறது.

புனித அகுஸ்தினாரும் இதே கல்லில் இடறியவர். இளமையில் பழைய ஏற்பாட்டுக் கதைகள் அவருக்கு அருவருப்பாகத் தோன்றின. அவற்றை ஏளனம் செய்த மானிக்கேயர்களோடு ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இருந்தார். மிலான் நகரில் ஆயர் அம்புரோசின் மறையுரைகளைக் கேட்டபோதுதான், எழுத்துக்கு உள்ளே ஆழமான பொருள் உண்டு என்று கண்டுகொண்டார். 387-ஆம் ஆண்டு பாஸ்கா இரவில் அம்புரோசின் கையால் திருமுழுக்குப் பெற்றார். கடவுளன்பையும் பிறரன்பையும் வளர்க்காத விவிலிய விளக்கம் எதுவும் இன்னும் சரியான விளக்கம் ஆகவில்லை என்று பின்னாளில் அவர் எழுதினார். வாசிக்கத் தடுமாறியவரே வாசிக்கக் கற்பிக்கும் ஆசானாக மாறினார் என்பது நமக்கு ஆறுதல்.

2. திருச்சபை காட்டும் வழி

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18 அன்று வெளியிட்ட 'இறை வெளிப்பாடு' என்னும் கொள்கைத் திரட்டு நமக்கு மூன்று உண்மைகளைத் தெளிவாக்குகிறது.

முதலாவது, கடவுள் மனிதர் வழியாக, மனித மொழியில் பேசினார். எனவே எழுதியவர் எந்தக் காலத்தில், எந்த இலக்கிய வகையில், எதைச் சொல்ல விரும்பினார் என்று தேட வேண்டும் (எண் 12). இரண்டாவது, பழைய ஏற்பாட்டு நூல்களில் நிறைவற்றவையும் அந்தந்தக் காலத்திற்கு மட்டும் உரியவையும் உள்ளன. ஆயினும் அவை கடவுள் மனிதரைப் பயிற்றுவித்த முறையைக் காட்டுகின்றன (எண் 15). மூன்றாவது, விவிலியம் முழுவதும் ஒன்று. பழையது புதியதில் விளக்கம் பெறுகிறது (எண் 16).

திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2010 செப்டம்பர் 30 தேதியிட்ட 'ஆண்டவரின் வார்த்தை' என்னும் திருத்தூது ஊக்கவுரையில், வன்முறையும் ஒழுக்கக்கேடும் நிறைந்த இருண்ட பகுதிகளைப் பற்றித் தனியாகவே பேசுகிறார் (எண் 42). இறைத்திட்டம் படிப்படியாக, மனிதரின் எதிர்ப்புக்கிடையே வெளிப்பட்டது என்றும், இறைவாக்கினர் அநீதியையும் வன்முறையையும் கடுமையாகக் கண்டித்தனர் என்றும், இப்பகுதிகளைக் கிறிஸ்துவின் மறைபொருளை வைத்தே வாசிக்க வேண்டும் என்றும் அவர் விளக்குகிறார்.

சுருக்கமாகச் சொன்னால், கடவுளின் குணம் மாறவில்லை. அதைப் புரிந்துகொண்ட மனிதரின் அறிவே வளர்ந்தது. அவ்வளர்ச்சியின் தொடக்கமும் இடைவழியும் விவிலியத்திற்குள்ளேயே பதிவாகியுள்ளன. இயேசுவில் அது நிறைவு பெறுகிறது.

3. விவிலியமே விவிலியத்தைத் திருத்துகிறது

இவ்வளர்ச்சியை நாம் கண்ணாரக் காணலாம். தாவீது அரசர் மக்கள்தொகையைக் கணக்கிட்ட நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். ஆண்டவரே சினம் கொண்டு தாவீதைத் தூண்டினார் என்று 2 சாமுவேல் 24:1 கூறுகிறது. பிற்காலத்தில் அதே நிகழ்ச்சியை எழுதிய குறிப்பேட்டு ஆசிரியரோ, சாத்தான் தூண்டினான் என்கிறார் (1 குறி 21:1). இரண்டு நூல்களையும் திருச்சபை அருகருகே வைத்திருக்கிறது.

பழங்கால இஸ்ரயேலர் நல்லது கெட்டது யாவற்றையும் நேரடியாகக் கடவுளின் செயலாகவே பேசினர். நமக்கும் இது அந்நியமான பேச்சு அல்ல. மழை பெய்தாலும் 'கடவுள் செயல்', பொய்த்தாலும் 'கடவுள் செயல்' என்கிறோம். அவனன்றி ஓரணுவும் அசையாது என்கிறோம். அப்படிச் சொல்கிறவர், தீமையைச் செய்தவர் கடவுள் என்று குற்றம் சாட்டுவதில்லை. பார்வோனின் இதயத்தை ஆண்டவர் கடினப்படுத்தினார் (விப 9:12) என்னும் சொல்லையும் இப்படித்தான் வாசிக்க வேண்டும். பார்வோன் தன் இதயத்தைத் தானே கடினப்படுத்திக்கொண்டதாகவும் அதே நூல் முந்திய அதிகாரத்தில் கூறுகிறது (விப 8:15, 32).

இன்னும் சில சான்றுகள்:

- ஏகூ அரசன் இஸ்ரியேலில் செய்த படுகொலையை 2 அரசர்கள் 10:30 பாராட்டுகிறது. ஓசேயா இறைவாக்கினரோ அந்த இரத்தப் பழிக்காகவே ஏகூவின் குடும்பம் தண்டிக்கப்படும் என்கிறார் (ஓசே 1:4).

- தந்தையரின் பாவத்தைப் பிள்ளைகள் சுமப்பர் என்பதுபோல் விடுதலைப் பயணம் 20:5 ஒலிக்கிறது. எசேக்கியேல் 18-ஆம் அதிகாரமோ, பாவம் செய்தவரே அதற்குப் பொறுப்பு, மகன் அதைச் சுமப்பதில்லை என்று விரிவாக எடுத்துரைக்கிறது.

- மோவாபியர் ஆண்டவரின் சபையில் நுழையக்கூடாது என்கிறது இணைச் சட்டம் 23:3. ஆனால் மோவாபியப் பெண்ணாகிய ரூத்து தாவீதின் முன்னோராகவும் இயேசுவின் மூதாதையராகவும் ஆகிறார் (மத் 1:5).

- பகைவரின் தலைநகராகிய நினிவே அழியவில்லையே என்று யோனா வருந்தினார். அங்குள்ள சிறுபிள்ளைகளுக்காகவும் கால்நடைகளுக்காகவும் இரங்கியவர் கடவுள் (யோனா 4:11).

நெசவு தெரிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். பாவில் இருக்கும் ஒரு முடிச்சை மட்டும் பார்த்து யாரும் துணிக்கு விலை சொல்வதில்லை. விரித்துப் பார்த்த பிறகே சொல்வார்கள். ஒரு வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கடவுளின் குணத்தைத் தீர்மானிப்பதும் முறையாகாது.

4. போர்க் கட்டளைகள்

மிகவும் கடினமானவை யோசுவா நூலிலும் சாமுவேல் நூலிலும் உள்ள முழு அழிவுக் கட்டளைகளே. இவ்வழக்கம் இஸ்ரயேலுக்கு மட்டும் உரியதன்று. 1868-இல் இன்றைய யோர்தான் நாட்டில் கண்டெடுக்கப்பட்டு இப்போது பாரிசு நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் மேசா கல்வெட்டைப் பாருங்கள். அது கி.மு. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மோவாபு அரசன் மேசா, தன் தெய்வமாகிய கெமோசின் பெயரால் இஸ்ரயேலரின் ஊரொன்றை முற்றிலும் அழித்ததாக அதில் பெருமை பேசுகிறான். விவிலியம் பயன்படுத்தும் அதே அழிவுச் சொல்லையே அவனும் பயன்படுத்துகிறான். அக்காலத்து மக்கள் தெய்வத்தின் வெற்றியை இந்த மொழியில்தான் பேச அறிந்திருந்தனர்.

வெற்றியைப் பாடும் இலக்கியத்தைத் தமிழர் நன்கு அறிவர். பகைவரின் ஊரைக் கழுதை பூட்டி உழுததாகப் புறநானூறு பாடுகிறது. கலிங்கத்துப் பரணியில் பேய்கள் போர்க்களத்திலேயே கூழ் சமைக்கின்றன. அவற்றை நாம் செய்தித்தாள் அறிக்கையாக வாசிப்பதில்லை. யோசுவா நூலிலும் இத்தகைய வெற்றி மொழி உண்டு. நாடு முழுவதும் வெல்லப்பட்டு எதிரிகள் ஒழிந்ததாக யோசுவா 10:40-42 சொல்ல, அடுத்த நூலின் முதல் அதிகாரமே கானானியர் தங்கள் ஊர்களில் தொடர்ந்து வாழ்ந்தனர் என்று பட்டியலிடுகிறது (நீத 1:27-33). எரிகோவில் 1952 முதல் 1958 வரை காத்லீன் கென்யன் நடத்திய அகழாய்விலும், யோசுவாவின் காலமாகப் பலரும் கருதும் காலத்தில் பெரிய மதில் நகரம் அங்கு இருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை.

ஆனால் இலக்கிய வகையைச் சொல்லி முழுவதும் தப்பித்துக்கொள்ள முடியாது. கட்டளை கடவுளின் பெயராலேயே சொல்லப்படுகிறது. அங்கே நம் உள்ளம் வலிக்கத்தான் வேண்டும். அந்த வலியை நமக்குத் தந்தவரே நற்செய்தியின் இயேசுதான். குழந்தைகளைக் கொல்வது எந்தக் கடவுளின் பெயராலும் நியாயமாகாது என்பதை அவரிடமிருந்தே கற்றோம்.

அதே நூலுக்குள்ளும் வேறொரு குரல் கேட்கிறது. எரிகோவில் காப்பாற்றப்படுகிறவர் கானானியப் பெண்ணாகிய இராகாபு, அவரும் விலைமாது. ஆண்டவரது படைத்தலைவரிடம், "நீர் எங்கள் பக்கமா, எதிரிகள் பக்கமா?" என்று யோசுவா கேட்டபோது, 'இல்லை' என்ற மறுமொழியே கிடைக்கிறது (யோசு 5:13-14). கடவுளை எந்தப் படையும் தன் கொடிக்கம்பத்தில் கட்டிவைக்க இயலாது.

பல நூற்றாண்டுகளுக்குப் பின் ஒரு தாய் தன் மகளுக்காகக் கெஞ்சிக்கொண்டு இயேசுவிடம் வருகிறார். மாற்கு அவரைச் சிரிய பெனிசிய இனத்தவர் என்கிறார். மத்தேயுவோ பழைய பெயரால் 'கானானியப் பெண்' என்று எழுதுகிறார் (மத் 15:22). அழிக்கப்பட வேண்டியவர்கள் என்று ஒருகாலத்தில் எண்ணப்பட்ட இனத்தின் மகளிடம், அவரது நம்பிக்கை பெரிது என்று இயேசு சொல்கிறார். அவருடைய மகள் பிழைக்கிறாள். யோசுவா நூலுக்கு நற்செய்தி தரும் விளக்கம் இதுவே.

மூன்றாம் நூற்றாண்டில் ஓரிஜன், யோசுவாவின் போர்களை நம் உள்ளத்தில் குடியிருக்கும் பாவங்களுக்கு எதிரான போராகவே விளக்கினார். நம் தமிழ்த் திருச்சபைக்கும் இதில் அழகான மரபு உண்டு. வீரமாமுனிவர் 1726-இல் இயற்றிய தேம்பாவணியில் யோசுவாவின் வெற்றியும் கிதியோனின் வெற்றியும் தனித்தனிப் படலங்களாக இடம்பெறுகின்றன. அவை வருவது எந்த இடத்தில்? ஏரோதுக்கு அஞ்சித் திருக்குடும்பம் எகிப்துக்குத் தப்பிச் செல்லும் பயணத்தின் நடுவே! வாளுக்குத் தப்பி ஓடும் குழந்தையின் அருகில் அமர்ந்தே அந்த வெற்றிக் கதைகளை நாம் கேட்கிறோம். கடினமான பகுதிகளை வாசிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

5. ஆபிரகாமின் பலியும் செங்கடலும்

ஈசாக்கைப் பலியிடும் நிகழ்ச்சியைக் கேட்கும் எந்தத் தாயும் நடுங்குவார். பிள்ளைகளைத் தெய்வத்திற்குப் பலியிடும் வழக்கம் கானான் நாட்டில் இருந்தது. எனவே அக்காலத்தவர்க்கு அதிர்ச்சியளித்தது பலி கேட்ட கட்டளை அன்று. கையை நிறுத்திய குரலே. இக்கடவுள் பிள்ளைப்பலி விரும்புபவர் அல்லர் என்பதே நிகழ்ச்சியின் முடிவு. பிள்ளைகளை நெருப்பில் பலியிடுவதைத் தாம் கட்டளையிடவில்லை, அது தம் மனத்தில் எழவுமில்லை என்று ஆண்டவர் எரேமியா வழியாகப் பிற்பாடு அறிவிக்கிறார் (எரே 7:31). இப்தா தன் மகளைப் பலிகொடுத்த கதையில் (நீத 11) எந்தக் குரலும் குறுக்கிடவில்லை. ஆனால் அங்கே கடவுள் அதைக் கேட்கவும் இல்லை. சிந்தனையின்றி நேர்ந்துகொண்டவன் இப்தாவே. நேர்ந்துகொள்ளும் வழக்கமுள்ள நமக்கும் அது எச்சரிக்கை.

செங்கடல் நிகழ்ச்சியைப் பற்றி யூத மரபில் ஒரு செய்தி உண்டு. எகிப்தியர் மூழ்கியபோது வானதூதர்கள் பாட முற்பட்டார்களாம். என் படைப்புகள் கடலில் மூழ்கும்போது நீங்கள் பாடுகிறீர்களா என்று கடவுள் தடுத்துவிட்டாராம். அடிமைகளின் விடுதலைக்காக நாம் மகிழலாம். மூழ்கியவர்களின் சாவுக்காக அன்று.

6. சபிக்கும் திருப்பாடல்கள்

பாபிலோனியரின் குழந்தைகளைப் பாறையில் மோதுகிறவர் பேறுபெற்றவர் என்னும் 137-ஆம் திருப்பாடலின் முடிவு எவரையும் கலங்கச் செய்யும். இது கடவுள் மனிதருக்குச் சொன்ன வார்த்தையன்று. வீடும் கோவிலும் பிள்ளைகளும் அழிந்த மக்கள் கடவுளிடம் கதறிய வார்த்தை. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரின் கதறலைக் கேட்ட தமிழர், அந்தக் கோபத்தின் வலியை அறிவர். அந்தத் திருப்பாடலாசிரியர் தம் வெறுப்பை வாளாக மாற்றவில்லை. கடவுளிடம் கொட்டித் தீர்த்தார். பழிவாங்கும் உரிமையை அவர் கையில் விட்டுவிட்டார்.

எனினும் இவ்வரிகள் செபத்தில் ஏற்படுத்தும் இடரைத் திருச்சபை உணர்ந்துள்ளது. 1971-இல் புதுப்பிக்கப்பட்ட திருப்புகழ்மாலையில் 58, 83, 109 ஆகிய மூன்று திருப்பாடல்கள் சேர்க்கப்படவில்லை. 137-ஆம் திருப்பாடலின் இறுதி வரிகளும் விடப்பட்டுள்ளன. ஆனால் விவிலியத்திலிருந்து அவற்றை யாரும் நீக்கவில்லை. காயப்பட்டவர்கள் கடவுள் முன் மறைக்காமல் பேசலாம் என்பதற்கு அவை சாட்சிகளாக நிற்கின்றன.

7. சினம் என்பது என்ன?

கண்டிப்பு பழைய ஏற்பாட்டுக்கு மட்டும் உரியது என்றும் எண்ணக்கூடாது. அனனியாவும் சப்பிராவும் விழுந்து இறந்தது புதிய ஏற்பாட்டில் (திப 5). பசித்தவருக்கு உணவளிக்காதவர்களை அணையா நெருப்பைக் காட்டி எச்சரித்தவர் இயேசுவே (மத் 25:41-46). அதுபோலவே, இரக்கமும் பரிவும் உள்ளவர், சினம் கொள்ளத் தாமதிப்பவர் என்று கடவுள் தம்மை அறிமுகப்படுத்தியது சீனாய் மலையில் (விப 34:6). இரு ஏற்பாடுகளிலும் ஒரே கடவுள்.

நம் பாட்டிமார் மனப்பாடம் செய்த சின்னக் குறிப்பிடம், சர்வேசுரனுக்குரிய முக்கிய இலட்சணங்கள் ஆறு என்று கற்பித்தது. அவருக்குச் சரீரம் இல்லை என்பதும் சகல நன்மையும் அளவின்றி அவரிடம் உண்டு என்பதும் அவற்றுள் அடங்கும். இரண்டையும் சேர்த்து எண்ணினால் ஓர் உண்மை விளங்கும். இரத்தம் கொதித்து, நிதானம் இழந்து, பிறகு வருந்தும் மனிதக் கோபம் கடவுளுக்கு இல்லை. ஏழைகளைக் காலணிக்கு விற்கிறவர்களைக் கண்டு (ஆமோ 2:6) அமைதியாய் இருக்க மறுக்கும் அவரது நன்மையையே விவிலியம் சினம் என்கிறது. அநீதியைக் கண்டும் சினம் கொள்ளாத கடவுள் ஏழைக்கு நல்ல செய்தி ஆகமாட்டார்.

8. யோபு நூலும் நம் மண்ணின் புனிதரும்

துன்பம் வந்தால் அது கடவுளின் தண்டனையே என்ற எண்ணத்தை எதிர்த்து ஒரு முழு நூலே விவிலியத்தில் உள்ளது. அதுவே யோபு. செல்வமும் பிள்ளைகளும் உடல்நலமும் இழந்த யோபுவிடம், நீ பாவம் செய்திருப்பாய் என்று நண்பர்கள் பக்தியோடு வாதிடுகிறார்கள். யோபு கடவுளிடமே வழக்காடுகிறார். இறுதியில் கடவுள் என்ன சொல்கிறார்? தம்மைப் பற்றிச் சரியாகப் பேசாதவர்கள் அந்த நண்பர்களே என்கிறார். தம்மோடு வழக்காடிய யோபுவை ஏற்கிறார் (யோபு 42:7). கடவுளுக்காக வாதாடுவதாக எண்ணி, துன்புறுகிறவரைக் குற்றவாளியாக்கும் பேச்சு கடவுளுக்குப் பிடிப்பதில்லை.

இந்த நூல் நம் தென்தமிழகத்தில் ஒரு புனிதரை உருவாக்கியது. 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன் திருவிதாங்கூர் அரண்மனையில் பணியாற்றினார். கால்நடைகள் மடிந்தும் வேறு இழப்புகள் நேர்ந்தும் அவர் மனம் உடைந்திருந்த நேரத்தில், 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் திருவிதாங்கூர்ப் படையில் சேர்ந்த டச்சுத் தளபதி தெ லனாய், யோபுவின் வரலாற்றை அவருக்கு எடுத்துரைத்ததாக வரலாறு கூறுகிறது. இழப்பு என்பது கைவிடப்பட்டதன் அடையாளம் அல்ல என்று நீலகண்டன் உணர்ந்தார். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 'கடவுளின் உதவி' என்பதே அப்பெயரின் பொருள்.

கதை அங்கே இனிதாய் முடியவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். சிறையும் சித்திரவதையும் அதன் பிறகே வந்தன. 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். யோபுவைப்போல் இழந்த செல்வம் இரட்டிப்பாகத் திரும்பவில்லை. ஆயினும் தம் கடவுளின் குணத்தை அவர் சந்தேகிக்கவில்லை. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிசு அவரைப் புனிதராக உயர்த்தினார்.

9. துக்க வீட்டில் நாம் சொல்லும் கடவுள்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள் ஆழிப்பேரலை வந்தபோது நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வேளாங்கண்ணிக்குச் சென்ற திருப்பயணிகளும் அவர்களுள் இருந்தனர். 2012 செப்டம்பர் 5 அன்று நம் மாவட்டத்தில் சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடி விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்குப் பின்னும் வெடி விபத்துகள் ஓயவில்லை. கரிந்த உடல்களுக்கு முன்னால் 'யார் செய்த பாவமோ' என்னும் சொல் நம்மிடையே எளிதாக வந்துவிடுகிறது.

சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைக் குறிப்பிட்டு, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்று எண்ணுகிறீர்களா, இல்லவே இல்லை என்றார் இயேசு (லூக் 13:4-5). பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோதும் அவர் அக்கணக்கை மறுத்தார் (யோவா 9:2-3). வேதிப்பொருளைக் கையாளும் இடத்தில் பாதுகாப்பு விதிகள் மீறப்பட்டால் அதற்கு மனிதரே பொறுப்பு. அதைக் கடவுளின் தண்டனை என்று சொல்வது இறந்தவரைக் குற்றவாளியாக்குகிறது. பொறுப்பானவரைத் தப்பிக்க விடுகிறது. கடவுளின் பெயரையும் கெடுக்கிறது. ஊனமுற்ற குழந்தையின் தாயிடமும், இளம் வயதில் கணவரை இழந்தவரிடமும், பிள்ளைப்பேறு இல்லாதவரிடமும் இதே சொல்லைச் சொல்பவர்கள் யோபுவின் நண்பர்களுடைய இருக்கையில் அமர்கிறார்கள்.

10. வாசிக்கும்போது நினைவில் கொள்ள

- ஒரு வசனத்தோடு நிற்காமல் முன்னும் பின்னும் உள்ள அதிகாரங்களையும் வாசிப்போம்.

- பேசுவது யார் என்று பார்ப்போம். கடவுளா, கதைமாந்தரா, துன்புறும் மனிதரா?

- நடந்ததைச் சொல்வது வேறு, அதை நல்லதென்று சொல்வது வேறு. விவிலியம் சொல்லும் எல்லாச் செயலும் விவிலியம் போற்றும் செயல் அன்று.

- 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் நூல்களுக்கு முன்னுரைகள் உள்ளன. அவற்றைத் தாண்டிச் செல்லாமல் முதலில் அவற்றை வாசிப்போம்.

- எந்தப் பகுதியையும் இயேசுவுக்கு முன் வைத்து வாசிப்போம். தம்மை ஏற்காத சமாரிய ஊரின்மேல் எலியாவைப்போல் நெருப்பை வரவழைக்கலாமா என்று யாக்கோபும் யோவானும் கேட்டபோது, இயேசு அவர்களைக் கடிந்துகொண்டு வேறு ஊருக்குச் சென்றார் (லூக் 9:52-56).

- விளங்காத பகுதியை விளங்கவில்லை என்று சொல்லி, பங்குத்தந்தையிடமோ வேதியரிடமோ கேட்போம். விரைந்து சொன்ன தவறான விளக்கத்தைவிடப் பொறுமையான கேள்வி மேலானது.

இயேசுவைக் கண்டவர் தந்தையைக் கண்டவர் (யோவா 14:9). கடவுள் எப்படிப்பட்டவர் என்ற கேள்விக்குத் திருச்சபையின் இறுதி விடை சிலுவையில் தொங்கும் ஓர் உடல். அவர் பகைவரை அழிக்கவில்லை. பகைவருக்காக மன்னிப்புக் கேட்டார். எரிகோவின் புகைக்கு நடுவிலும் செங்கடலின் அலைகளுக்கு நடுவிலும் நாம் தேட வேண்டிய முகம் அதுவே.

அன்பியப் பகிர்வுக்கு:

1. விவிலியத்தில் எந்தப் பகுதி உங்களை அதிகம் கலங்கச் செய்கிறது? அதை இயேசுவின் எந்தச் செயலோடு சேர்த்து வாசிக்கலாம்?

2. 'கடவுள் தண்டித்துவிட்டார்' என்று நம் ஊரில் யாரைப் பற்றிச் சொல்லப்படுகிறது? அவர்களுடைய வீட்டிற்கு இந்த வாரம் நாம் என்ன வார்த்தையோடு செல்லலாம்?

3. நம் பிள்ளைகள் நம்மைப் பார்த்துக் கடவுளைப் பற்றி என்ன கற்றுக்கொள்கிறார்கள்?